எட்டு டெப்பும் இருபத்தேழு பிள்ளைகளும்

கேள்வி:

ஐயா, நான் படுவான்கரையில் ஒரு சிறிய பாடசாலையில் தரம் 3 படிப்பிக்கிறேன். வகுப்பில் 27 பிள்ளைகள். எங்கள் ஊரிலிருந்து வெளிநாடு போன பழைய மாணவர்கள் சேர்ந்து எட்டு டெப்பும் ஒரு புரொஜெக்டரும் தந்திருக்கிறார்கள். கணிதத்துக்குத்தான் பாவிக்க வேண்டும் என்று அதிபர் சொல்லிவிட்டார். 52 இலிருந்து 27 ஐக் கழிக்கச் சொன்னால் என் பிள்ளைகளில் பாதிப்பேர் 35 என்று எழுதுகிறார்கள். இதற்கு எந்த ஆப்பைப் போடலாம்? பாடசாலையில் இணையம் இல்லை, என் போன் டேட்டாதான். எட்டை 27 பேருக்கு எப்படிப் பங்கிடுவது? "போன் பார்த்துத்தான் பிள்ளையள் கெட்டுப் போகுது, நீங்களும் குடுக்கப் போறீங்களா?" என்று இரண்டு தாய்மார் வந்து கேட்டுவிட்டும் போய்விட்டார்கள். எனக்கும் இதில் பெரிய பழக்கம் கிடையாது.

ஓர் ஆசிரியை, மட்டக்களப்பு மேற்கு வலயம்

பதில்:

அன்புள்ள டீச்சர்,

உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்தது அந்த 35 தான். "பிள்ளைகள் கணிதத்தில் பலவீனம்" என்று எழுதிவரும் கடிதங்கள்தான் எனக்கு அதிகம். நீங்கள் என்ன பிழை விடுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆப்பைத் தெரிவு செய்யும் வேலையில் பாதி அதிலேயே முடிந்துவிட்டது.

35 எழுதிய பிள்ளை யோசிக்காமல் எழுதவில்லை. 5 இலிருந்து 2 போனால் 3. அடுத்த பக்கம் 2 இலிருந்து 7 போகாது, ஆனால் 7 இலிருந்து 2 போகும், அது 5. "பெரியதிலிருந்து சின்னதைக் கழிக்க வேணும்" என்று தரம் 1 இல் நாங்கள்தானே சொல்லிக் கொடுத்தோம்? பிள்ளை அதை ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறது. அதன் கண்ணில் 52 என்பது ஐம்பத்திரண்டு அல்ல, பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் ஒரு 5 உம் ஒரு 2 உம். இருப்பது ஒரு கணக்கு, பிள்ளை பார்ப்பது இரண்டு குட்டிக் கணக்குகள்.

இந்தப் பிள்ளையிடம் சாதாரணமான ஒரு கழித்தல் விளையாட்டைக் கொடுத்தால் என்ன நடக்கும்? பத்துக் கணக்கு வரும். அதில் நாலைந்து 48 இலிருந்து 23 மாதிரிக் கடன் வாங்கத் தேவையில்லாதவை. அவை எல்லாம் சரி. மற்றவற்றுக்குச் சிவப்புப் புள்ளடி விழும், அடுத்த கணக்கு வரும். கடைசியில் இரண்டு நட்சத்திரமும் கைதட்டல் சத்தமும். ஏன் பிழை என்று அந்தக் கருவி சொல்லவில்லை, பிள்ளையும் கேட்கவில்லை. ஒரு மாதம் போனால் அதே பிழையை வேகமாக விடப் பழகியிருக்கும்.

அதனால் "எந்த ஆப்" என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதலில் யாருக்கு எங்கே சறுக்குகிறது என்று பாருங்கள். இதற்குப் பரீட்சைத்தாள் வேண்டாம். இந்தியாவில் பிரதம் என்ற அமைப்பின் முன்னெடுப்பில் 2005 முதல் நடக்கும் ஏசர் கணக்கெடுப்பில் ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு இருத்தி, வாயால் கேட்டுப் பார்க்கிறார்கள். 1 இலிருந்து 9 வரை எண்ணை அடையாளம் தெரிகிறதா, 10 இலிருந்து 99 வரை தெரிகிறதா, கடன் வாங்கும் கழித்தல் வருகிறதா, ஓரிலக்கத்தால் வகுக்க வருகிறதா. அவ்வளவுதான். ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம் போதும். இடைவேளைக்கு முன்னும் பின்னுமாக ஒரு வாரத்தில் 27 பேரையும் முடித்துவிடலாம். ஒரு கொப்பியில் பெயருக்கு நேரே பிழையையே எழுதுங்கள், புள்ளி போட வேண்டாம். "52−27=35" என்று எழுதியிருந்தால் அது ஒரு நோய்க்குறிப்பு மாதிரி. 40 க்கு 18 என்று எழுதினால் யாருக்கு என்ன விளங்கும்?

நான் ஆரம்பப்பிரிவு ஆசிரிய ஆலோசகராக இருந்த காலத்தில் ஒரு பாடசாலைக்குப் போனேன். புதிதாகக் கட்டிய கணினி அறை, பத்துக் கணினி, எல்லாவற்றுக்கும் பூப்போட்ட துணியில் தைத்த உறை. திறப்பு அதிபரிடம். தரம் 4 பிள்ளை ஒன்று யன்னலால் எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டது: "சேர், அதுகளுக்குக் குளிருமா?" சிரித்துவிட்டேன், ஆனால் அது சிரிக்கிற விசயம் இல்லை. உங்களுடைய டெப்புகள் அலுமாரிக்குள் போகாமல் கணித பாடத்துக்கு வந்ததே பெரிய காரியம். அன்பளிப்புப் படம் பேஸ்புக்கில் போட்டாயிற்றுத்தானே, இனி ஆறுதலாக வேலையைப் பார்க்கலாம்.

சரி, அந்த 35 க்கு வருவோம்.

முதல் மருந்து ஈர்க்கில். பத்துப் பத்தாக எண்ணி றப்பர் வளையம் போட்ட கட்டுகளும் கொஞ்சம் உதிரியும். 52 என்றால் ஐந்து கட்டும் இரண்டு உதிரியும். இப்போது 27 ஐ எடு என்றால் பிள்ளை ஏழு உதிரி தேடும், இரண்டுதான் இருக்கும். அந்த இடத்தில் நீங்கள் ஒன்றும் சொல்லாதீர்கள். கொஞ்ச நேரம் முழிக்கும், பிறகு தானாகவே ஒரு கட்டின் வளையத்தைக் கழற்றும். நாலு கட்டும் பன்னிரண்டு உதிரியும். ஏழு போனால் ஐந்து, இரண்டு கட்டுப் போனால் இரண்டு, விடை 25. "பக்கத்து வீட்டில் கடன் வாங்கு" என்று நாங்கள் சொல்வதில் எனக்கு எப்போதும் ஒரு மனக்குறை உண்டு. கடன் என்றால் திருப்பிக் கொடுக்க வேண்டும் அல்லவா? இங்கே யாரும் யாருக்கும் திருப்பிக் கொடுப்பதில்லை. ஒரு கட்டை அவிழ்க்கிறோம். "கட்டை அவிழ்" என்று சொல்லிப் பாருங்கள், 402 இலிருந்து 178 வரும்போது அதன் அருமை தெரியும். நடுவில் 0 இருக்கிறது, பக்கத்து வீட்டில் ஆளில்லை, யாரிடம் கடன் கேட்பது? கட்டுக் கணக்கில் குழப்பம் இல்லை. நூறு கொண்ட பெரிய கட்டை அவிழ்த்தால் பத்துச் சின்னக் கட்டு. அதில் ஒன்றை அவிழ்த்தால் பத்து உதிரி. கையில் இப்போது மூன்று பெரிய கட்டு, ஒன்பது சின்னக் கட்டு, பன்னிரண்டு உதிரி. விடை 224.

"ஈர்க்கிலுக்கு எதற்கு டிஜிட்டல் தொழில்நுட்பம்?" என்று கேட்பீர்கள். உங்கள் புரொஜெக்டருக்கு முதல் வேலை இங்கேதான். 27 பேர் வகுப்பில் உங்கள் மேசையில் நடப்பது பின்வாங்கில் தெரியாது. இரண்டு பக்கமும் புத்தகம் அடுக்கி, குறுக்கே ஒரு அடிமட்டம் வைத்து, அதன்மேல் ஒரு டெப்பைக் கமரா கீழே பார்க்கும்படி வையுங்கள். அதைப் புரொஜெக்டருடன் இணைத்தால் உங்கள் கை, ஈர்க்கில் கட்டு, வளையம் கழறுவது எல்லாம் சுவர் முழுக்கத் தெரியும். இணைக்கும் வயர் டெப்புக்கு டெப் வேறுபடும், வாங்கமுன் கடையில் டெப்பைக் கொண்டுபோய்க் காட்டிச் சோதித்து எடுங்கள். அப்புறம் பிள்ளைகளை முன்னுக்குக் கூப்பிட்டு அவர்களைச் செய்ய விடுங்கள். தன் கை சுவரில் பெரிதாகத் தெரிவதில் அவர்களுக்கு ஒரு சந்தோசம். பெட்டியோடு விலைக்கு விற்கும் ஆயிரம் அசைபடங்களை விட இந்த ஒரு ஏற்பாடு எனக்கு உயர்வாகப் படுகிறது.

அதையே பதிவு செய்தும் வைக்கலாம். கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று 52−27 ஐக் கட்டு அவிழ்த்துச் செய்து காட்ட, இன்னொன்று படம் பிடிக்கட்டும். ஒரு நிமிடப் படம். வராமல் நின்ற பிள்ளை மறுநாள் அதைப் பார்க்கும். டீச்சர் சொன்னால் விளங்காதது கூடப்படிக்கிறவன் சொன்னால் விளங்கும். ஒரு கணக்கை வாயால் சொல்லிக் காட்டப் போகும்போது, சொல்கிற பிள்ளைக்குத் தன் ஓட்டை எங்கே என்று தானே தெரியவரும்.

கட்டு அவிழ்ப்பது கைக்கு வந்த பிறகுதான் டெப்பில் பயிற்சி. இந்த இடத்தில் இயந்திரத்துக்கு உண்மையான பலம் உண்டு. உங்களால் 27 கொப்பியையும் அந்த நிமிடமே திருத்த முடியாது, அதனால் முடியும். அது அலுக்காது, கோபப்படாது, பிள்ளையின் மட்டத்துக்கு ஏற்ற கணக்கை வைத்துக்கொண்டே இருக்கும்.

எட்டிலும் ஜிகொம்பிரிஸை (GCompris) போடுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கான நூற்றுக்கும் மேற்பட்ட செயற்பாடுகள் உள்ள இலவச மென்பொருள் அது. விளம்பரம் இல்லை. ஒருமுறை இறக்கிவிட்டால் இணையம் வேண்டாம், உங்கள் டேட்டாவுக்கும் ஆபத்தில்லை. அன்ட்ரொயிட்டிலும் பழைய கணினியிலும் ஓடும். எல்லாவற்றையும் திறந்து விடாதீர்கள். எந்தச் செயற்பாடு, எந்த மட்டம் என்று நீங்களே பிள்ளைக்குத் தெரிவு செய்து கொடுங்கள். இல்லாவிட்டால் எல்லாரும் படம் வரையும் பக்கத்துக்குத்தான் போவார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது.

இன்னொன்று, அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகம் உருவாக்கிய பெட் (PhET) என்ற இலவசச் செயற்பாட்டுத் தொகுப்பு. அதில் பத்தை ஆக்குவதற்கென்றே ஒன்று இருக்கிறது. திரையில் ஒரு எண்ணைப் பிய்த்து இரண்டாக்கலாம், இரண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் கூடிவிடும். 8 உம் 5 உம் இருந்தால், 5 இலிருந்து 2 ஐப் பிய்த்து 8 இல் வைக்க 10 ஆகும், மிச்சம் 3. பாசை அதிகம் வேண்டியதில்லை, விரல் போதும். இதையும் இறக்கி வைத்துக்கொண்டு இணையமில்லாமல் ஓட்டலாம். பின்னம், எண்கோடு, பரப்பளவு என்று மற்றவையும் உண்டு. பின்னம் தொடங்கும்போது திரும்பவும் எழுதுங்கள், அது தனிக் கதை.

பாடத்திட்டத்தோடு ஒட்டியது வேண்டும் என்றால் கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் தரவாரியாகத் தமிழிலும் உண்டு. வீட்டிலோ நகரத்திலோ நல்ல இணைப்புக் கிடைக்கும்போது தேவையானதைப் பார்த்து எடுத்து வாருங்கள்.

காசில்லாமல் கிடைக்கும் மற்ற விளையாட்டுகளில் இரண்டு விசயம் பாருங்கள். நடுவில் விளம்பரம் வருகிறதா? வந்தால் வேண்டாம், எட்டு வயதுப் பிள்ளைக்கு விளம்பரத்தின் மூலையில் இருக்கும் சின்னப் புள்ளடி தெரியாது. மணி ஓடுகிறதா? பிழைவிடும் பிள்ளைக்கு மணி ஓடினால் அது யோசிப்பதை விட்டுவிட்டுக் கண்டபடி தட்டத் தொடங்கும். வாய்பாடு பாடமான பிள்ளைக்கு மணி ஓடட்டும், பரவாயில்லை.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் நம் பிள்ளைகள் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். டெப்பின் இங்கிலிஸ் குரலை அணைத்து விடுங்கள். எனக்கு இங்கிலிஸ் மேல் பகை இல்லை. தமிழில் எண்ணுப் பெயர்கள் இடப்பெறுமானத்தை, அதாவது எந்த இலக்கம் பத்து, எந்த இலக்கம் ஒன்று என்பதை, தாங்களே சொல்லிக் கொடுக்கின்றன. பதின்மூன்று என்றால் முதலில் பத்து, பிறகு மூன்று, எழுதுவதும் அதே ஒழுங்கில் 13. இங்கிலிஸில் "தேர்ட்டீன்" என்னும்போது மூன்றின் சத்தம் முதலில் வருகிறது, கேட்டு எழுதும் பிள்ளை 31 என்று எழுதினால் அது பிள்ளையின் குற்றமா? இருபது, முப்பது, நாற்பது, எண்பது வரை நம்முடைய ஒழுங்கு நேராகவே போகிறது: எத்தனை பத்து என்று பெயரிலேயே இருக்கிறது.

ஒன்பதில்தான் சறுக்கல். எண்பத்தொன்பதுக்கு அடுத்தது என்ன என்று கேளுங்கள். "எண்பத்துப் பத்து" என்று ஒரு பிள்ளையாவது சொல்லும். ஒன்பது பத்துக்கு நாம் வைத்திருக்கும் பெயர் தொண்ணூறு, அதற்குள் நூறு இருக்கிறது. ஒன்பது நூறு தொள்ளாயிரம், அதற்குள் ஆயிரம் இருக்கிறது. ஒன்பதுக்குள்ளேயே பத்தின் வால் ஒட்டியிருக்கிறது. பழந்தமிழில் ஒன்பதுக்குத் தொண்டு என்றும் ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயர் வழக்கொழிந்து போக, மேல்படியின் பெயரோடு சேர்ந்தவை நின்றுவிட்டன. தொள்ளாயிரத்து நான்கு என்று சொல்லி எழுதச் சொன்னபோது 9004 என்று எழுதிய பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆயிரம் என்று காதில் விழுந்தது, ஆயிரத்தை எழுதினார்கள்.

இதற்கு நான் பார்த்த எந்த ஆப்பும் வழி வைத்திருக்கவில்லை. நீங்கள் செய்யலாம். டெப்பின் குரல்பதிவில் உங்கள் குரலிலேயே இருபது எண் சொல்லிப் பதிவு செய்யுங்கள், அதில் பாதி தொண்ணூறிலும் தொள்ளாயிரத்திலும் இருக்கட்டும். காதுக்கருவி இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் மரத்தடியில் இருவராக இருந்து கேட்டு எழுதட்டும். பிறகு ஈர்க்கில் கட்டில் எடுத்துக் காட்டட்டும். பத்து நிமிட வேலை.

அடுத்தது அநேகமான டெப்புகளில் ஏற்கனவே இருக்கிற, ஒருவரும் கவனிக்காத ஒன்று: கல்குலேட்டர். "கல்குலேட்டரைக் கொடுத்தால் கணக்கு மறந்து போகும்" என்பார்கள். விடை கண்டுபிடிக்கக் கொடுத்தால் மறக்கும்தான். நீங்கள் இப்படிக் கொடுங்கள். 352 ஐ அடி. இப்போது ஒரே ஒரு கழித்தலால் அந்த 5 ஐ இல்லாமல் ஆக்கு, 302 வர வேண்டும். முதல்முறை அரைவாசிப் பேர் 5 ஐக் கழிப்பார்கள், 347 வரும். "என்ன சேர், 5 நாலாப் போச்சு, 2 ஏழாப் போச்சு?" அந்தக் கேள்விதான் உங்களுக்கு வேண்டியது. 5 என்பது ஐந்து அல்ல, ஐம்பது. இதை நான் கரும்பலகையில் நூறு தடவை சொல்லியிருப்பேன். கல்குலேட்டர் ஒரு தடவையில் சொல்லிவிட்டது, அதுவும் பிள்ளையைக் குறை கூறாமல். பிறகு 4718 இல் 7 ஐ அழி, 906 இல் 9 ஐ அழி என்று போகலாம். இன்னொரு விளையாட்டு: 4 என்ற பொத்தான் உடைந்துவிட்டது என்று வைத்துக்கொள், 43 ஐக் கொண்டு வா. 50 இலிருந்து 7 ஐக் கழிப்பாள் ஒருத்தி, 39 உடன் 4 ஐக் கூட்டப் போய் 4 இல்லையே என்று நிற்பான் ஒருத்தன். உங்கள் வகுப்பில் முதல் மாதத்துக்கு நான் ஒரே ஒரு ஆப்பைத்தான் விடுவேன் என்றால், அது இதுதான்.

பங்கீட்டுக்கு வருவோம். எட்டில் ஒன்று உங்களுக்கு, கமராவுக்கும் பதிவுக்கும். மிச்சம் ஏழு. இரண்டு பேருக்கு ஒன்று என்றால் 14 பிள்ளைகள். மற்ற 13 பேர் உங்களோடு பாயில், ஈர்க்கிலோடு. இருபது நிமிடத்தில் மாறுங்கள். ஒருவருக்கு ஒன்று இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். குஜராத்தின் வதோதராவில் தரம் 4 பிள்ளைகளுக்கு இப்படித்தான் செய்தார்கள். ஒரு கணினியில் இரண்டு பிள்ளைகள், வாரத்துக்கு இரண்டு மணித்தியாலம், பிள்ளையின் மட்டத்துக்கு ஏற்ற கணித விளையாட்டுகள். 2007 இல் வெளிவந்த அந்த ஆய்வில் கணிதப் பெறுபேறு தெளிவாக உயர்ந்திருந்தது. பின்னர் 2019 இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் அதைச் செய்தவர்களில் இருவர். ஆனால் திட்டம் நின்று ஓராண்டு கழித்துப் பார்த்தபோது அந்த உயர்வில் பெரும்பகுதி கரைந்திருந்தது. அதே ஆய்வில் பின்தங்கிய பிள்ளைகளை மட்டும் பிரித்தெடுத்து, அதே ஊர் இளம் பெண்களை வைத்து அடிப்படையைச் சொல்லிக் கொடுத்ததிலும் நல்ல பலன் கிடைத்தது. உங்கள் ஊரிலும் உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகள் இருப்பார்கள். அதிபரோடு பேசிப் பாருங்கள், வாரத்தில் இரண்டு நாள் ஒருவர் வந்து டெப் பக்கம் நின்றால் உங்களுக்குக் கை இலகுவாகும்.

தென் அமெரிக்காவின் பெரு நாட்டில் நடந்தது இதற்கு மறுபக்கம். அங்கே கிராமப் பாடசாலைகளில் பிள்ளைக்கு ஒன்று என்று மடிகணினி கொடுத்தார்கள். 319 பாடசாலைகளை வைத்து 2012 இல் வந்த மதிப்பீட்டில் கணிதத்திலும் மொழியிலும் முன்னேற்றம் தெரியவில்லை. கருவி போய்ச் சேர்ந்தது, அதை வைத்து எதை, எப்படிப் படிப்பிப்பது என்பது கூடவே போகவில்லை. உங்களிடம் இருப்பது எட்டுத்தான் என்று வருத்தப்படுகிறவர்களுக்கு நான் பெருவின் கதையைத்தான் சொல்வேன்.

இருவராக இருத்தும்போது ஒரு கட்டுப்பாடு வையுங்கள்: ஒருவர் விரல், ஒருவர் வாய். வாய் சொல்லாமல் விரல் தொடக்கூடாது. ஐந்து கணக்குக்கு ஒருமுறை மாற வேண்டும். இல்லாவிட்டால் கெட்டிக்காரர் எல்லாவற்றையும் தட்ட, மற்றவர் வேடிக்கை பார்ப்பார். மிகக் கெட்டிக்காரரையும் மிகப் பின்தங்கியவரையும் சோடி சேர்க்காதீர்கள், அடுத்தடுத்த மட்டத்தில் இருப்பவர்கள் நல்லது. டெப்பைத் தொடங்கும்போது செட்டிங்ஸில் ஸ்கிரீன் பின்னிங்கை (ஆப் பின்னிங் என்றும் இருக்கும்) இயக்கி, அந்த ஆப்பைப் பின் பண்ணிவிட்டால் பிள்ளைகள் அந்த ஆப்பை விட்டு இலேசில் வெளியே போக முடியாது. வைபையும் அணைத்து விடுங்கள். இது எப்படி என்று தெரியாவிட்டால் உங்கள் வீட்டில் சாதாரண தரம் படிக்கிற பிள்ளை யாராவது இருந்தால் கேளுங்கள், இரண்டு நிமிடத்தில் காட்டித் தரும். கேட்பதில் ஒரு வெட்கமும் இல்லை. கணிதம் உங்களுக்குத் தெரியும், அதுதான் கஷ்டமான பாதி.

தாய்மார் கேட்டது நியாயமான கேள்வி. 2020 இல் பாடசாலைகள் மூடியபோது ஒரு வீட்டில் ஒரு போன், மூன்று பிள்ளைகள், வட்ஸ்அப்பில் வந்து குவிந்த பயிற்சித்தாள் படங்கள் எல்லாம் அவர்கள் பார்த்தவைதானே. அவர்களுக்கு விளக்கவுரை வேண்டாம். ஒரு பெற்றோர் கூட்டத்தில் டெப்பைக் கையில் கொடுத்து 352 இல் 5 ஐ அழிக்கச் சொல்லுங்கள். நான் ஒரு தடவை செய்தேன். ஒரு அம்மம்மா 5 ஐக் கழித்து, 50 ஐக் கழித்து, கடைசியில் "இதென்ன மனே, நாங்க கடையில மாத்துக்காசு எண்ணுறமாதிரித்தானே" என்றார். அவருக்குப் பக்கத்திலிருந்த ஒருவரும் அதற்குப் பிறகு எதிர்க்கேள்வி கேட்கவில்லை. டெப் வீட்டுக்கு வராது, இருபது நிமிடத்துக்கு மேல் இல்லை, இணையம் இல்லை என்ற மூன்றையும் அப்போதே சொல்லிவிடுங்கள். தரம் 5 புலமைப்பரிசிலுக்கு இப்போதே கடந்தகால வினாக்களை டெப்பில் போட்டால் என்ன என்று ஒருவர் கேட்பார். தரம் 3 பிள்ளைக்கு 52−27 வராதபோது வினாத்தாள் போட்டு என்ன செய்வது என்று, என்னைச் சாட்டியாவது, மறுத்துவிடுங்கள்.

மாரியில் வெள்ளம் வந்து வகுப்பு நின்று போகும் நாட்களுக்கு ஒரு யோசனை. போட்ஸ்வானாவில் 2020 இல் பாடசாலைகள் மூடியிருந்தபோது ஒன்று செய்து பார்த்தார்கள். சில வீடுகளுக்கு வாரம் ஒரு முறை எஸ்எம்எஸ்ஸில் கணக்கு மட்டும் போனது. வேறு சில வீடுகளுக்கு அதோடு சொல்லிக் கொடுப்பவர் ஒருவர் கிட்டத்தட்ட இருபது நிமிடம் போனில் பேசினார், பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து கேட்டார்கள். அழைப்பும் சேர்ந்த பிள்ளைகள் அடிப்படைக் கணிதத்தில் முன்னேறினார்கள், எஸ்எம்எஸ் மட்டும் போன இடங்களில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அதற்கு இணையமோ தொடுதிரையோ வேண்டாம், பட்டன் போனே போதும். 27 பேருக்கும் பேச உங்களால் முடியாது. உங்கள் கொப்பியில் மிகவும் பின்னால் நிற்கும் ஐந்தாறு பேருக்கு மட்டும் பேசுங்கள். ஒரு கணக்குச் சொல்லி, விடையை விட, எப்படிச் செய்தாய் என்று கேளுங்கள். தாயும் பக்கத்தில் இருக்கட்டும்.

அப்புறம் இந்தப் பட்டறி விசயம். டிசம்பர் விடுமுறைக்குப் பூட்டும்போது டெப்புகளைச் சார்ஜ் முற்றாக இறங்கிய நிலையில் வைக்காதீர்கள், நூறு வீதம் ஏற்றியும் வைக்க வேண்டாம். பாதியளவில் நிறுத்தி, முழுவதுமாக அணைத்து வையுங்கள். மாதக்கணக்கில் வெறுமையாகக் கிடந்தால் பட்டறி கெட்டுப்போகும், சிலவேளை திரும்ப உயிர்வராது. முதுகு வீங்கின டெப்பைக் கண்டால் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள், சார்ஜிலும் போடாதீர்கள். மற்ற நல்ல டெப்புகளைப் பொலித்தீனில் சுற்றி அலுமாரியின் மேல்தட்டில் வையுங்கள், கீழ்த்தட்டு வேண்டாம். உங்கள் பக்கம் தண்ணீர் எவ்வளவு ஏறும் என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும். ஈர்க்கில் கட்டுகளையும் அங்கேயே வையுங்கள், எலி றப்பர் வளையத்தைத்தான் முதலில் கடிக்கும்.